நல்லது கெட்டதுக்குப் போறீங்களா?

நாவலூரிலிருந்து ஓ.எம்.ஆரில் தெற்கே போனால் சிறுசேரி, கேளம்பாக்கம் தாண்டி இருபது கிலோமீட்டருக்குள் திருப்போரூர் வந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அங்குள்ள கந்தசாமி கோவில்தான் நினைவுக்கு வரும். ஆனால் முதியோருக்கு வரும் மறதிநோய், அதாவது டிமென்ஷியா, பற்றிய இந்திய ஆய்வுகளைப் பட்டியல் போடும் கட்டுரை எதை எடுத்தாலும் அதில் ஒரு வரியில் இந்த ஊர் இருக்கும். ராஜ்குமார், குமார், தாரா என்ற மூன்று சென்னை ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட கணக்கு அது. 60 வயது கடந்த 750 பேரில் நூற்றுக்கு 3.5 பேருக்கு மறதிநோய் என்று கண்டார்கள்.

அந்த 3.5 எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ஆர்வமான விஷயம். ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கிற நோய் இல்லை இது. உட்கார்ந்து கேள்வி கேட்கணும். பெரியவரிடம் சில கேள்விகள், வீட்டில் இருப்பவர்களிடம் சில கேள்விகள். அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை முதலில் ஆங்கிலத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த நகரத்து நோயாளிகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தது சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. பாரசீகம், துருக்கி, கொரியம் என்று எந்த மொழியை எடுத்தாலும் 'முதியோருக்கான இன்ன கேள்வித்தாளின் இன்ன மொழி வடிவம், சரிபார்ப்பு' என்ற தலைப்பில் கட்டுரைகள் கிடைக்கும். படிக்கச் சலிப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழில் இந்த வேலை நடந்த கதையைப் பார்த்தால், ஒரு கேள்வியை எப்படிக் கேட்டோம் என்பதை வைத்து ஒரு மாவட்டத்து முதியோரில் எத்தனை பேர் நோயாளிகள் என்பதே முப்பது மடங்கு மாறியிருக்கிறது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் அமெரிக்கா. 1975-இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் ஒரு சின்னத் தேர்வை வெளியிட்டார்கள். மொத்தம் 30 மதிப்பெண், பத்து நிமிஷ வேலை. இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவர்கள் கையில் இருப்பது அதுதான். இன்று என்ன தேதி, இது என்ன பருவம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், 'கண்ணை மூடு' என்று எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள். இதை அப்படியே தமிழாக்கிச் செங்கல்பட்டுப் பக்கத்தில் நாற்று நட்டு வளர்ந்த ஒரு பாட்டியிடம் கேட்டால் என்ன ஆகும்? பென்சில் பிடித்திராத கைக்கு எழுதும் கேள்வியில் பூஜ்யம். படிக்கும் கேள்வியில் பூஜ்யம். பருவம் என்றால் அவருக்கு வெயில் காலம், மழைக்காலம், மார்கழிப் பனி. விடைத்தாளில் இருக்கும் நாலு பருவம் இல்லை. தேதி கேட்டால் இங்கிலீஷ் தேதியா, தமிழ்த் தேதியா என்று திருப்பிக் கேட்பார். அமாவாசை போய் எத்தனை நாள் என்று கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லாமலேயே நல்ல நினைவாற்றல் உள்ள ஒருத்தியை நோயாளியாக்கிவிடலாம்.

மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க அப்போது இருந்த வழி, 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் முறைப்படுத்திச் சொன்ன பின்மொழிபெயர்ப்பு. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் தேறியது. நல்ல வழிதான், பல அபத்தங்களை அது பிடித்துவிடும். ஆனால் எதைப் பிடிக்காது பாருங்க: 'சோஷியல் பார்ட்டிசிபேஷன்' என்பதைச் 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதினால் அது திரும்பிப் போகும்போது அச்சு அசலாக அதே ஆங்கிலமாகத்தான் போகும். நூற்றுக்கு நூறு. 'நீங்கள் சமூகப் பங்கேற்பில் ஈடுபடுகிறீர்களா?' என்று நாவலூர் அம்மன் கோவில் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேட்டால், ஏதோ கட்சிக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறோம் என்று நினைப்பார். 'நல்லது கெட்டதுக்கெல்லாம் போயிட்டு வர்றீங்களா?' என்று கேட்டால் கல்யாணம், காதுகுத்து, சாவு, கருமாதி எல்லாம் ஒரே மூச்சில் அவருக்குப் புரியும். ஆனால் இதைப் பின்மொழிபெயர்ப்புக்கு அனுப்பினால் 'நல்ல, கெட்ட விஷயங்களுக்குச் செல்கிறீர்களா' என்று திரும்பிவந்து, நிபுணர் குழு அடித்துவிடும்.

இந்தச் சிக்கலைக் கொஞ்சம் நேராகச் சந்தித்தவர்கள் வடக்கே, ஹரியானாவின் பல்லப்கரில் வேலை செய்த இந்திய–அமெரிக்கக் குழு. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த மேரி கங்குலி முன்னின்று 1995-இல் வெளியிட்ட இந்தி வடிவத்தில் கேள்விகளை மொழிபெயர்க்கவில்லை, மாற்றினார்கள். எழுதச் சொல்வதற்குப் பதில் 'உங்க வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க' என்றார்கள். 'கண்ணை மூடு' என்று படிப்பதற்குப் பதில், கேட்பவர் தானே கண்ணை மூடிக் காட்டி, 'நான் செய்யற மாதிரி செய்ங்க' என்றார். பிறகு 1999-இல் அதே குழு அன்றாடத் திறன்களுக்கு ஓர் அளவை கொண்டுவந்தது. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். செக் எழுத முடிகிறதா, தனியாகக் கடைக்குப் போகிறாரா என்ற மேற்கத்தியக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, அங்கே ஒரு கிழவருக்கு உண்மையில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்தார்கள். சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கிறாரா, ஊருக்குள் வழி தவறுகிறாரா, சேதி சொல்லி அனுப்பினால் போய்ச் சொல்கிறாரா, ஹோலி தீபாவளி ஞாபகம் இருக்கிறதா, வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் தன் கருத்தைச் சொல்கிறாரா. கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். அது நினைவுத் தேர்வு மாதிரியே இல்லை. வீட்டில் அவர் பேச்சு இன்னும் எடுபடுகிறதா என்று அல்லவா கேட்கிறது!

இதே காலத்தில் சென்னையிலும் ஒரு வேலை நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 'வாழ்க்கைத் தரம்' அளக்க ஒரு கேள்வித்தாள் செய்ய 15 மையங்களைத் தேர்ந்தெடுத்தது. மெல்பர்ன், பாரிஸ், டோக்கியோ, ஹராரே, பாங்காக் இவற்றோடு இந்தியாவில் இரண்டு: டெல்லி, மெட்ராஸ். (ஊர் பெயர் மாறுமுன் தொடங்கிய வேலை என்பதால் ஆவணங்களில் இன்றும் மெட்ராஸ்தான்.) ஆங்கிலத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பாமல், ஒவ்வொரு மையமும் உள்ளூர் மக்களை உட்கார வைத்துப் பேசி, தன் மொழியிலேயே கேள்வி எழுதித் தந்தது. கிட்டத்தட்ட 1,800 கேள்விகள் குவிந்தன. வடிகட்டி 236 ஆக்கி, ஒவ்வொரு மையத்திலும் 300 பேரிடம் கேட்டுப் பார்த்து, கடைசியில் 100 கேள்வி. பிறகு 1998-இல் 26 கேள்விச் சுருக்கம்.

அதில் ஒரு சின்ன வேலைநுட்பத்தைச் சொல்லாமல் போக முடியாது. பதில்கள் ஐந்து படி: இல்லவே இல்லை என்பதிலிருந்து முழுக்க முழுக்க என்பது வரை. நடுவில் இருக்கும் மூன்று சொற்களை எப்படி மொழிபெயர்ப்பது? 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு, 'ஓரளவு' அதைவிடக் கூடவா குறைவா? அகராதி உதவாது. அதனால் மக்களிடம் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லும் கோட்டில் எங்கே விழுகிறது என்று குறிக்கச் சொன்னார்கள். கால், அரை, முக்கால் இடங்களுக்கு அருகில் விழுந்த சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு பொறுமையான மொழிபெயர்ப்பு இலக்கியத்தில்கூட நடப்பதில்லை. இத்தனைக்குப் பிறகும் நம்ம ஊர்ப் பெரியவர் 'ஏதோ இருக்கேன்பா' என்று சொன்னால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பது கேட்பவரின் பாடு. சுருக்க வடிவத்தில் சமூக உறவுகளுக்கு இருப்பது மூன்றே கேள்வி; அதில் ஒன்று தாம்பத்திய வாழ்வு பற்றியது. மருமகள் காபி கொண்டுவந்து வைக்கும் நேரத்தில் எழுபது வயது மாமியாரிடம் இதைக் கேட்க வேண்டிய இளம் களப்பணியாளரை நினைத்துப் பாருங்கள். பிறகு 2005-இல் முதியோருக்கென்று தனியாக 24 கேள்வி வடிவம் வந்தபோது, சமூகப் பங்கேற்பு அதன் ஆறு பகுதிகளில் ஒன்றாக இடம்பிடித்தது.

இனி கதையின் மையத்துக்கு வருகிறேன். 1998-இல் கொச்சியில் கூடிய உலக அல்சைமர் மாநாட்டில் '10/66' என்ற பெயரில் ஒரு குழு உருவானது. மறதிநோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் மக்கள்தொகை ஆய்வுகளில் பத்து சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்ற குறைதான் அந்தப் பெயர். லண்டனைச் சேர்ந்த மார்ட்டின் பிரின்ஸ் ஒருங்கிணைத்தார். அவர்கள் கையில் எடுத்த கருவிகளில் முக்கியமானது, ஹால், ஹெண்ட்ரி ஆகியோர் கனடாவின் கிரீ பழங்குடியினரிடம் தொடங்கி, பிறகு நைஜீரியாவின் இபாதானுக்குக் கொண்டுபோன கேள்வித்தாள். எழுத்தறிவு தேவைப்படாத கேள்விகள். நினைவில் வைக்கச் சொல்லும் மூன்று சொற்கள் படகு, வீடு, மீன். கோவளம், கானத்தூர் குப்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் எழுதியிருக்க முடியாது.

2003-இல் 'லான்செட்' இதழில் முதல் முடிவு வந்தது. 25 மையங்கள், 2,885 பேர். சரிபார்ப்பை வடிவமைத்த விதம்தான் அழகு. மறதிநோயாளிகளோடு, நோயில்லாத மூன்று வகையினரையும் வைத்துக்கொண்டார்கள்: மனச்சோர்வு உள்ளவர்கள், நன்றாகப் படித்தவர்கள், படிக்காதவர்கள். ஏனென்றால் பழைய தேர்வுகள் வழக்கமாகத் தப்புச் செய்யும் இடம் படிக்காதவர்களும் சோர்ந்தவர்களும்தான். புதிய முறை நோயாளிகளில் 94 சதவீதத்தைப் பிடித்தது. படிக்காதவர்களில் 6 சதவீதத்தினரை மட்டும் தவறாக நோயாளி என்றது. மனச்சோர்வில் 15, படித்தவர்களில் 3.

அடுத்து ஊர் ஊராகக் கணக்கெடுப்பு. ஏழு நாடுகள், 11 இடங்கள், 65 வயது கடந்த 14,960 பேர். இந்தியாவின் இரண்டு இடமும் தமிழ்நாட்டில்: சென்னை நகரம், வேலூர்க் கிராமங்கள். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நீண்ட காலமாகப் பணியாற்றும் கணியம்பாடி ஒன்றியத்தில், கே.எஸ். ஜேக்கப் வழிநடத்தினார். வயதே பலருக்குத் தெரியாது. அதற்கும் ஒரு வழக்கம் உண்டு: சுதந்திரம் வந்தப்போ கல்யாணம் ஆயிடுச்சா, தனுஷ்கோடிப் புயலப்போ எத்தனை பிள்ளை என்று நிகழ்ச்சிகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுவது.

2008-இல் முடிவு வந்தபோது ஒரு விநோதம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-4 இலக்கணப்படி பார்த்தால் வேலூர்க் கிராமங்களில் மறதிநோய் வெறும் 0.3 சதவீதம். ஆயிரம் பேரில் மூன்று பேர். கியூபாவில் அதே இலக்கணப்படி 6.3. ஆனால் 10/66 முறைப்படி பார்த்தால் அதே வேலூர்க் கிராமங்களில், அதே மனிதர்களில், நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேல்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? டி.எஸ்.எம்.-4 ஒரு நிபந்தனை வைக்கிறது. மறதி மட்டும் போதாது. அதனால் அந்த ஆளின் தொழிலும் சமூக வாழ்வும் முன்பைவிடக் கணிசமாகக் கெட்டிருக்கணும். அதைச் சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர். இப்போது அந்த மருமகளின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 'மாமா காசு கணக்கெல்லாம் பார்த்துக்கறாரா?' அதையெல்லாம் அவர் எங்கே பார்க்கிறார், மகன் பார்த்துக்கிறார். 'அத்தை முன்ன மாதிரி சமைக்கறாங்களா?' நான் வந்ததிலிருந்து நான்தானே சமைக்கிறேன். 'ஏதாவது தனித்திறமை, பொழுதுபோக்கு இருந்து விட்டுப்போச்சா?' களை எடுத்தே ஐம்பது வருஷம் ஓட்டியவருக்கு என்ன பொழுதுபோக்கு? வயசாச்சு, அப்படித்தான் இருப்பாங்க. எல்லாக் கேள்விக்கும் உண்மையான பதில்; சேர்த்துப் பார்த்தால் பாதிப்பு ஏதும் இல்லை. பெரியவர்களை வேலையிலிருந்து விடுவித்து உட்கார வைப்பதை நாம் மரியாதை என்கிறோம். அந்த மரியாதைக்குள் ஒரு நோய் பத்திரமாக ஒளிந்துகொள்கிறது.

ஒருவேளை 10/66 முறைதான் வயோதிகத்தையெல்லாம் நோய் என்று வாரிப்போட்டுக்கொள்கிறதோ என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கும் சென்னையிலிருந்துதான் பதில் வந்தது. முதல் கணக்கெடுப்பில் நோயாளி என்று குறிக்கப்பட்டவர்களை மூன்று ஆண்டு கழித்துத் தேடிப் போனார்கள். ஜோதீஸ்வரன் முதலானோர் 2010-இல் வெளியிட்டது. அவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. உயிரோடு இருந்தவர்களின் நினைவு மேலும் மங்கியிருந்தது, கூட ஆள் வேண்டிய தேவை கூடியிருந்தது. என்னைப் பொறுத்தவரை நூறு ஆல்ஃபா எண்களைவிட இது கனமான சரிபார்ப்பு. 1951-இல் க்ரோன்பாக் தந்த ஆல்ஃபா, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும்தான் சொல்லும். எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரி தப்பாக இருந்தாலும் ஆல்ஃபா உயரமாகவே நிற்கும். மூன்று வருஷம் கழித்துக் கதவைத் தட்டுவது அப்படி இல்லை.

பங்கேற்பை நேராகவே அளக்கும் முயற்சியும் ஒன்று உண்டு, அது வேறு நோயிலிருந்து வந்தது. 2001-இல் உலக சுகாதார நிறுவனம் ஊனத்தை வகைப்படுத்தும் தன் முறையை மாற்றி, உடலின் குறையோடு 'பங்கேற்பு' என்பதையும் ஓர் அங்கமாக்கியது. அதை வைத்து, முக்கியமாகத் தொழுநோயாளிகளை மனதில் கொண்டு, வான் பிராக்கல் குழு நேபாளம், இந்தியா, பிரேசில் நாடுகளில் வேலை செய்து 2006-இல் ஏழு மொழிகளில் 18 கேள்விகள் கொண்ட ஓர் அளவையை வெளியிட்டது. அதன் சூட்சுமம் 'உங்களைப் போன்ற இன்னொருவர்'. நோயைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் உங்களைப் போலவே இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் போகிற அளவுக்கு நீங்களும் விசேஷத்துக்குப் போகிறீர்களா? பணக்கார நாட்டுக்காரரோடு ஒப்பிடாமல் பக்கத்துவீட்டுக்காரரோடு ஒப்பிடச் சொல்கிறது. நியாயமான ஏற்பாடு.

ஆனால் முதியோரிடம், அதுவும் நம்ம ஊரில், இது ஓர் இடத்தில் இடறும். கணவனை இழந்த ஒரு பாட்டி கல்யாண வீட்டில் முன்னே வந்து நிற்பதில்லை. சில வீடுகளில் இன்றும் வளைகாப்புக்குக் கூப்பிடுவதில்லை. அவளைப் போன்ற இன்னொருத்தி யார்? இன்னொரு விதவைதான். அவளும் போவதில்லை. ஆகவே குறை ஒன்றும் இல்லை என்று மதிப்பெண் வந்துவிடும். சரி, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால்? ஊர் வழக்கம் செய்த வேலை அந்தப் பாட்டியின் நோயாகப் பதிவாகும். இரண்டில் எது தேவலை என்றால், நோயைத் தேடும்போது முதலாவது, உதவித்தொகையோ திட்டமோ போடும்போது இரண்டாவது என்று நினைக்கிறேன். ஒரே தாளை வைத்து இரண்டையும் செய்யப் பார்ப்பதில்தான் கோளாறு.

இப்போது நம்மிடம் பெரிய தரவு இருக்கிறது. மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்தும் 'லாசி' கணக்கெடுப்பின் முதல் சுற்று 2017–18-இல் நடந்தது; 45 வயது தொடங்கி 72,250 பேர். வெளியே போய்ச் சாப்பிடுவது, பூங்கா அல்லது கடற்கரைக்குப் போவது, சீட்டாட்டம், உறவினர் வீடு, சினிமா, கோவில் விசேஷம், கூட்டம், பேப்பர், டிவி, கம்ப்யூட்டர் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். நல்ல பட்டியல்தான். ஆனால் நாவலூரில் இதை வைத்துக்கொண்டு இரண்டு வீடு ஏறினால் தெரியும். தாழம்பூர் சாலைப் பக்க அடுக்குமாடியில் பேத்திக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மா: பூங்கா உண்டு, மால் உண்டு, சினிமா உண்டு, வீடியோ கால் உண்டு, பத்துக்கு ஆறேழு தேறுவார். பதினாலாம் மாடியில் தமிழ் பேச ஆள் கிடைக்காமல் பகல் முழுக்க இருப்பது எந்தக் கட்டத்திலும் வராது. பழைய ஊருக்குள் இருக்கும் கிழவி வெளியே சாப்பிட்டதே இல்லை, டிவி பேரன் கையில். ஆனால் நூறுநாள் வேலைக்குப் போய்ப் பத்துப் பேரோடு மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை அத்தனையும் பேசிவிட்டு வருகிறார். அவருக்கு இரண்டு மதிப்பெண்.

இந்தப் பகுதியில் யாராவது களப்பணி செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. மொய் நோட்டைக் கேளுங்கள். ஒரு வீட்டிலிருந்து போகிற மொய் எதுவரைக்கும் பெரியவர் பேரில் எழுதப்பட்டது, எப்போதிலிருந்து மகன் பேரில்? நல்லது கெட்டதிலிருந்து ஒருவர் விலகிய தேதி, மருமகள் ஞாபகத்தை நம்பாமல், எழுத்திலேயே கிடைக்கும். பின்மொழிபெயர்ப்புத் தேவைப்படாத கேள்வி. ஆனால் இது ஆண்களுக்கு மட்டும்தான் உதவும், மொய் பாட்டி பேரில் எப்போதுமே எழுதப்பட்டதில்லை. அவர்களுக்கு வேறு கேள்வி வேண்டும் என்று 'குழந்தைக்குச் சளி பிடிச்சா உங்ககிட்ட என்ன செய்யறதுன்னு கேக்கறாங்களா?' என்பதைத் தெரிந்த இரண்டு பாட்டிகளிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருமே பதில் சொல்வதற்கு முன்னால் மருமகள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கேள்வி வேலை செய்கிறது என்றுதான் தோன்றுகிறது; தனியாக இருக்கும்போது கேட்கவும் என்று தாளின் ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க வேண்டும்.